ஆவூர்க் கடிதமும் அவுட்லுக் செட்டிங்கும்

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

புதுக்கோட்டை மாவட்டத்துல, விராலிமலைப் பக்கம் ஆவூர்னு ஒரு ஊர். பெரியநாயகி மாதா கோயிலும் ஈஸ்டர் சமயத்துல நடக்கிற பாஸ்காவும் அங்க பிரசித்தம். (கும்பகோணம் பக்கத்துல இருக்கிற, தேவாரப் பாடல் பெற்ற ஆவூர் வேற. விலாசத்துல மாவட்டம் போடாம விட்டா வர்ற வினை இது.) இந்த ஊரைப் பத்தி இணையத்துல தேடினா, பல சுற்றுலாப் பக்கங்கள்ல ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: "பழைய கோயிலை 1547-இல் ஜான் வெனான்சியஸ் புஷே பாதிரியார் கட்டினார்."

பொட்டி தட்டுறவன் கண்ணுக்கு இந்த வரி ஒரு பக். ஏன்னா புஷே பொறந்ததே 1655-ல. செத்தது 1732-ல. பொறக்கறதுக்கு 108 வருஷம் முன்னாடி வந்து கோயில் கட்டிட்டுப் போயிருக்கார்! 1690-களின் கடைசியில, வழக்கமா 1697-னு சொல்ற வருஷத்துல அவர் ஆவூர்ல மிஷனை நிறுவினார் என்பதுதான் பொருந்தி வருது. எங்கேயோ யாரோ ஒரு எண்ணைத் தப்பாத் தட்டியிருக்கணும். அதைப் பத்துப் பேர் காப்பி பண்ணினாங்க, பத்து நூறாச்சு. மூலம் எதுன்னு யாரும் கேக்கல.

சரி, மெயில் செட்டிங்குன்னு தலைப்பு வச்சிட்டு இவன் என்னடா கோயில் கட்டறான்னு நீங்க கேக்கறது கேக்குது. :-) 1547 தப்புன்னு நமக்கு எப்படித் தெரியுது? கடிதங்களால. அந்தக் காலத்துப் பாதிரியார்கள் எழுதின கடிதங்கள்ல யார் எழுதினது, யாருக்கு, எந்த ஊர்ல இருந்து, எந்தத் தேதியில என்பதெல்லாம் இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, ஹெடர் பத்திரமா இருக்கு. கடிதத்தோட உடம்பு மட்டும் இருந்து ஹெடர் போயிருந்தா அது வரலாறு ஆகாது, வெறும் கதைதான்.

இந்தப் பதிவோட விஷயமும் அதுதான். கடிதம் மட்டும் பிழைச்சாப் போதாது. அது எந்த வழியில வந்தது, எந்த எழுத்தில எழுதப்பட்டது, எப்படித் திறக்கணும் என்கிற அமைப்பும் கூடவே பிழைக்கணும். முந்நூறு வருஷமா அந்த அமைப்பு வேலை மனுஷன் கையில இருந்து மெல்ல மெல்ல நிரலின் கைக்குப் போன கதையைப் பார்ப்போம்.

கையால் செய்த செட்டிங்

ஆவூர்ல உக்காந்துக்கிட்டு ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதறவருக்கு இருந்த முதல் பிரச்சினை, எந்த வழி? இயல்பான வழி பாண்டிச்சேரி. அங்க வரைக்கும் ஆள் கொண்டு போகணும், அப்புறம் பிரெஞ்சுக் கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுத்தி பிரான்ஸ். ஆனா 1693-ல டச்சுக்காரங்க பாண்டிச்சேரியைப் பிடிச்சாங்க. 1699-லதான் திரும்பக் கிடைச்சது. அதாவது 1697-ல ஆவூர் மிஷன் தொடங்கினப்போ பிரெஞ்சுக்காரரான புஷேவுக்கு நேர் வழி அடைப்பு. சர்வர் டவுன்! இந்த மாதிரி நேரத்துல எந்தத் துறைமுகம், யார் கப்பல், எந்தப் பருவக்காற்றுன்னு எழுதறவர்தான் முடிவு பண்ணணும். பதில் கைக்கு வர ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆனா அது சாதாரணம்.

ரெண்டாவது பிரச்சினை, கப்பல் மூழ்கினா? அதுக்கு ஏசு சபையினர் வச்சிருந்த வழி எளிமையானது. ஒரே கடிதத்தை ரெண்டு மூணு பிரதி எடுத்து, வேற வேற கப்பல்ல அனுப்பறது. "முதல் வழி", "ரெண்டாம் வழி"ன்னு மேல எழுதிடுவாங்க. இன்னிக்கு நாம பேக்கப், ரெப்ளிகேஷன்னு பீத்திக்கிறதை மை தொட்டு இறகால செஞ்சிருக்காங்க.

மூணாவது, எதை யார் பார்க்கலாம்? 1542-ல இக்னேஷியஸ் லொயோலா தன் தோழர் பியேர் ஃபாவ்ருக்கு ஒரு அறிவுரை எழுதினார். முக்கியக் கடிதத்தை யார் கையில கொடுத்தாலும் படிக்கலாம்கிற மாதிரி எழுது, மத்த சமாசாரத்தைத் தனித் தாள்ல எழுதி இணைன்னு. இது சாட்சாத் மெயில் ஃபில்டர். அஞ்சு வருஷம் கழிச்சு அவருடைய செயலாளரா வந்த ஹுவான் டி போலான்கோ, சபைக்காரங்க கடிதம் எழுத வேண்டிய விதிகளை வகுத்து எல்லாருக்கும் அனுப்பினார். எந்த வருஷம்னு நினைக்கிறீங்க? 1547! ஆவூருக்குப் பொருந்தாத அந்த வருஷம், ஆவூர்க் கடிதங்கள் பின்பற்றின நெறிமுறைக்குப் பொருந்துது. தற்செயல்தான், ஆனா எனக்குப் புடிச்சிருந்தது.

இந்த உழைப்புக்குப் பலன் இருந்தது. பாரிஸ்ல 1702 தொடங்கி 1776 வரைக்கும் 34 தொகுதிகளா மிஷனரிக் கடிதங்கள் அச்சாச்சு. அதுல புஷே கடிதங்களும் உண்டு, ஆவூரைப் பிரெஞ்சு நாக்குக்கு ஏத்த மாதிரி "அவுர்"னு எழுதியிருப்பாங்க. 1924-ல மதுரை நாயக்கர் வரலாறு எழுதின சத்தியநாத ஐயர், மதுரை மிஷன் கடிதங்களை முக்கிய ஆதாரமா வச்சார். மங்கம்மா காலத்து வரி, பஞ்சம், சண்டை பத்தி இன்னிக்கு நாம பேசறதுல கணிசமான பங்கு இந்த மாதிரிக் கடிதங்கள் வழியா வந்ததுதான். மத நோக்கத்தோட எழுதினவங்க, அதனால சாய்வும் உண்டு. சாய்வு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கவும் அந்த ஹெடர்தான் உதவுது.

ஆச்சரியக்குறி காலம்

இப்ப நேரா 1980-களுக்குத் தாவுவோம். மின்னஞ்சலின் தொடக்க காலமும் கிட்டத்தட்ட ஆவூர்க் காலம் மாதிரியேதான் இருந்தது. யூயூசிபின்னு ஒரு முறை. ஒரு கணினி ராத்திரியில இன்னொரு கணினிக்கு ஃபோன் போட்டு மெயிலைத் தள்ளிவிடும். விலாசத்துல நீங்க ஆளோட பேரை மட்டும் எழுதினாப் பத்தாது. முதல்ல இந்தக் கணினி, ஆச்சரியக்குறி, அடுத்து அந்தக் கணினி, ஆச்சரியக்குறி, கடைசியில ஆள்னு முழு வழியையும் எழுதணும். விலாசமே வழி. நடுவுல ஒரு கணினி படுத்துட்டா வேற வழி உங்க கையாலதான் எழுதணும்.

இந்தியாவுல 1986-ல எர்நெட் திட்டம் தொடங்கினப்போ இருந்த எட்டு நிறுவனங்கள்ல சென்னை ஐஐடியும் ஒண்ணு. பம்பாய் என்சிஎஸ்டி-க்கும் பம்பாய் ஐஐடி-க்கும் நடுவுல மெயில் ஓட ஆரம்பிச்சதும் இந்த டயல்-அப் யூயூசிபி முறையிலதான்.

வழி கண்டுபிடிக்கிற வேலையை முதல்ல நிரல்கள் எடுத்துக்கிட்டது இங்கதான். பாத்அலையாஸ்னு ஒரு நிரல், எந்தக் கணினி எதோட பேசும்கிற வரைபடத்தைப் படிச்சுக் குறுக்கு வழியைத் தானே கணக்குப் போட்டுச்சு. 1986-ல எம்எக்ஸ் பதிவு வந்ததும், ஒரு டொமைனுக்கு வர்ற மெயிலை யார்கிட்ட கொடுக்கணும்னு பெயர்ச் சேவையே சொல்லிடுச்சு. ஆச்சரியக்குறி மெல்லச் செத்துப் போச்சு.

ஆனா சர்வரை நடத்தறவன் பாடு திண்டாட்டம்தான். பெர்க்லியில எரிக் ஆல்மன் எழுதின சென்ட்மெயில் 1983-ல 4.2 பிஎஸ்டி-யோட வந்தது. அதோட அமைப்புக் கோப்பைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பூனை கீபோர்டு மேல நடந்த மாதிரி இருக்கும். அதை விளக்க வந்த ஓரெய்லி புத்தகம் பிந்திய பதிப்புகள்ல ஆயிரம் பக்கத்தைத் தாண்டுச்சு. கடைசியில கோப்பைக் கையால எழுதாதீங்க, எம்4 மேக்ரோவுல நாலு வரி எழுதுங்க, மிச்சத்தை அது உருவாக்கிக்கும்னு ஒரு வழி வந்தது. செட்டிங்கைச் செட் பண்ண ஒரு நிரல்!

ஒரு சின்னப் பெட்டி

அடுத்தது நம்ம மாதிரி ஆட்களோட காலம். 1995 ஆகஸ்ட் 15-ல விஎஸ்என்எல் பொது இணையச் சேவை தொடங்குச்சு. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ். படம் காட்டற டிசிபி/ஐபி இணைப்பு தனிநபருக்கு வருஷம் 15,000 ரூபாய். அதனால நிறையப் பேர் கறுப்புத் திரையில பைன் வச்சு மெயில் படிச்சாங்க. அதுல செட்டிங் தொல்லை கம்மி, எல்லாம் சர்வரிலேயே இருந்தது.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ், யூடோரா எல்லாம் வந்த பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற படிவம். உள்வரும் சர்வர் பாப்3, போர்ட் 110. வெளிச்செல்லும் சர்வர் எஸ்எம்டிபி, போர்ட் 25. பயனர்பெயர், கடவுச்சொல். ஒரு எழுத்து மாறினாலும் வேலை செய்யாது. பாதிப் பேருக்கு இதை ஒரு ஃப்ரெண்டோ நெட் சென்டர் அண்ணனோதான் போட்டுக் கொடுத்தாங்க.

அந்தப் படிவத்தின் உள்ள, யாரும் போகாத ஒரு மூலையில ஒரு சின்னப் பெட்டி இருந்தது: "சர்வரில் ஒரு பிரதியை விட்டு வை." பல மென்பொருள்கள்ல அது டிக் ஆகாமலேதான் வரும். பாப் முறை உருவானது 1984-ல, சர்வரில் இடம் தங்கம் மாதிரி இருந்த காலம். இறக்கிக்கோ, அழிச்சிடு என்பதுதான் அதோட இயல்பு. விளைவு என்ன? பல வருஷக் கடிதப் போக்குவரத்து ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில மட்டும் இருந்தது. டிஸ்க் போச்சுன்னா கடிதமும் போச்சு. ஆவூர்ல ரெண்டு மூணு கப்பல், இங்க ஒரே கப்பல். அதையும் முடிவு பண்ணினது நாம இல்ல, யாரோ வச்ச டிஃபால்ட்.

தமிழுக்கு மட்டும் இன்னொரு செட்டிங்

ஆங்கிலத்துல எழுதறவனுக்கு இத்தோட கதை முடிஞ்சுது. தமிழனுக்கு இங்கதான் ஆரம்பம்.

1982-ல வந்த எஸ்எம்டிபி விதி ஏழு பிட் எழுத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம் கொடுத்தது. அதுல ஆங்கிலம் போகும், தமிழ் போகாது. அதனால தொடக்க காலத் தமிழ் மெயில்கள் ரோமன் எழுத்தில போச்சு. 1992-ல போரன்ஸ்டைனும் ஃப்ரீடும் மைம் முறையைக் கொண்டு வந்தாங்க. இந்தக் கடிதம் எந்த எழுத்துமுறையில இருக்குன்னு ஹெடர்ல சொல்ல ஒரு வரி கிடைச்சது. ஆனா அந்த வரியில போட, தமிழுக்குப் பொதுவா ஒத்துக்கிட்ட ஒரு பேர் இல்லையே!

இங்க ஒரு நிமிஷம் ஆவூருக்குப் போயிட்டு வந்துடுவோம். ஆவூர்ல பணி செஞ்சவங்கள்ல வீரமாமுனிவரும் ஒருத்தர். அவர் 1728-ல எழுதின கொடுந்தமிழ் இலக்கணத்துல ஒரு சிக்கலைச் சொல்றார். குறில் எ, ஒ-வுக்குப் புள்ளி வைக்கணும்னு விதி. ஓலையில எழுதறவங்க பெரும்பாலும் புள்ளி வைக்கிறதில்ல. அப்ப "பெய்"யும் "பேய்"யும் ஒண்ணாத் தெரியும். அவர் கொண்டு வந்த தீர்வுதான் நாம இன்னிக்கு எழுதற நெடில் கொம்பு. ஓலையில தொலைஞ்சு போகாத மாதிரி வித்தியாசத்தை எழுத்துக்குள்ளேயே வச்சிட்டார்.

அதே கொம்பு 270 வருஷம் கழிச்சு மெயில்ல வந்து நின்னுச்சு. 1990-களின் கடைசியில மின்மடல் குழுக்கள்ல பேசிப் பேசி உருவான திஸ்கி குறியாக்கம், கண்ணுக்குத் தெரியற வரிசையில எழுத்தை வைக்கும். "பே" என்றால் முதல்ல கொம்பு, அப்புறம் ப. யூனிகோட் ஒலி வரிசையில வைக்கும். முதல்ல ப, அப்புறம் கொம்பு. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப்னு வேற ரெண்டைக் கொண்டு வந்தது. ஆக ஒரே மொழிக்கு நாலஞ்சு பூட்டு, நாலஞ்சு சாவி.

அதனால தமிழ் மெயில் படிக்க, சர்வர் பேர் மட்டும் போட்டாப் பத்தாது. எழுத்துரு இறக்கணும், என்கோடிங்கைப் "பயனர் வரையறுத்தது"ன்னு மாத்தணும், அதுக்கு இந்த எழுத்துருன்னு சொல்லணும். இந்தப் பாட்டையெல்லாம் குறைச்சதுல மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கின முரசு அஞ்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. பேரிலேயே அஞ்சல் வச்ச மென்பொருள். அப்புறம் ஈ-கலப்பை, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி எல்லாம் வலைப்பதிவு உலகத்துக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2004-ல ஜிமெயில் வந்து, யூனிகோட் பரவி, யூடிஎஃப்-8 இயல்பானதும் இந்த செட்டிங்கே கண்ணுல இருந்து மறைஞ்சு போச்சு.

நிம்மதிதான். ஆனா மறைஞ்சதோட சேர்ந்து ஒண்ணு தொலைஞ்சுது. பழைய திஸ்கி மெயில்கள்ல பலது, ஹெடர்ல "நான் மேற்கு ஐரோப்பிய எழுத்து"ன்னு பொய் சொல்லிட்டு நிக்கும். போட வேற பேர் இல்லாததால போட்ட பொய். திஸ்கிங்கிற பேர் ஐஏஎன்ஏ பட்டியல்ல ஏறினது 2007-ல, ஊரே யூனிகோடுக்கு மாறிக்கிட்டு இருந்தப்போ. அன்னிக்குப் படிச்சவங்களுக்கு இது பொய்னு தெரியும், கையால மாத்திக்கிட்டாங்க. இன்னிக்கு இருக்கிற மென்பொருள் ஹெடரை அப்படியே நம்பி, தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக் காட்டுது. எந்தச் சாவின்னு கடிதத்துலயும் எழுதல, செட்டிங் போட்ட கணினியும் இல்ல.

தானியங்கி கதவு தட்டினால்

செட்டிங் போடற வேலை முழுசா நிரல் கைக்குப் போனது அடுத்த கட்டம். எக்ஸ்சேஞ்ச் 2007-ல ஆட்டோடிஸ்கவர் வந்தது. 2009 டிசம்பர்ல தண்டர்பேர்ட் 3 வந்தது. விலாசமும் கடவுச்சொல்லும் கொடுத்தாப் போதும். உங்க டொமைன்ல அமைப்புக் கோப்பு இருக்கான்னு பார்க்கும், இல்லாட்டி மொசில்லாவின் பொதுப் பட்டியல்ல தேடும், அதுவும் இல்லாட்டி வழக்கமான பேர்களை ஊகிச்சுத் தட்டிப் பார்க்கும். 2011-ல டிஎன்எஸ் வழியாவே சர்வர் பேரைச் சொல்ல ஒரு தரமும் எழுதப்பட்டுச்சு.

அருமையான வசதி. இப்ப ஆஃபீஸ்ல பத்தாயிரம் பேர் பெட்டியை ஒரு ஸ்கிரிப்ட் அமைச்சிடுது. ஆனா ஊகிக்கிறவன் தப்பான வீட்டுக் கதவைத் தட்டினா? 2021-ல கார்டிகோர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைச் செஞ்சு காட்டினாங்க. சில மென்பொருள்கள் உங்க நிறுவன டொமைன்ல பதில் கிடைக்கலைன்னா, ஒரு படி மேல ஏறி "ஆட்டோடிஸ்கவர்"ங்கிற பேருக்குப் பின்னால டொமைனோட கடைசிப் பகுதியை மட்டும் போட்ட விலாசத்தைத் தட்டும். அந்த மாதிரி டொமைன்களை அவங்களே விலைக்கு வாங்கி வச்சுக் காத்திருந்தாங்க, இந்தியாவின் ".இன்"னும் அதுல ஒண்ணு. ஏப்ரல் 16-ல இருந்து ஆகஸ்ட் 25 வரைக்கும் 3,72,072 விண்டோஸ் கடவுச்சான்றுகள் தானா வந்து விழுந்துச்சு. யாரும் ஹேக் பண்ணல. மென்பொருளே போய்க் கொடுத்துட்டு வந்துச்சு.

ஆவூர்ப் பாதிரியார் கடிதத்தைத் தப்பான கப்பல்ல போட்டிருந்தா, தப்புன்னு என்னிக்காவது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். வழியைத் தேர்ந்தெடுத்தது அவர்தானே. இங்க கடவுச்சொல் எங்க போச்சுன்னு கொடுத்தவனுக்கே தெரியாது.

நாம என்ன செய்யலாம்

தானியங்கி கூடாதுன்னு சொல்ல வரல. அதை எழுதித்தான் நமக்குச் சோறு. :-) கண்ணுக்குத் தெரியாத செட்டிங் தொலைஞ்சு போனா, அதைத் தேடணும்னு கூட யாருக்கும் தோணாது. என் கவலை அதுதான்.

யாஹூ குழுமங்களை எடுத்துக்கோங்க. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப்னு வலைப்பதிவுக்கு முந்தின தலைமுறையோட இலக்கியப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் நடந்த இடம். 2019 அக்டோபர் 28-ல புதுசா எதையும் ஏத்த முடியாமப் பண்ணினாங்க, அப்புறம் பழைய உள்ளடக்கத்தையும் அழிச்சாங்க, 2020 டிசம்பர் 15-ல கடையையே மூடினாங்க. இப்ப மிச்சம் இருக்கிறது உறுப்பினர்கள் தங்கள் மெயில் பெட்டியில வச்சிருக்கிற பிரதிகள்தான். அதாவது, இதைப் படிக்கிற சீனியர் பதிவர்களே, உங்க பெட்டியில.

அதனால சில வேண்டுகோள்:

1. பழைய கணினியில, சிடியில இருக்கிற அவுட்லுக் எக்ஸ்பிரஸ், யூடோரா கோப்புகளை எடுத்து, எம்பாக்ஸ் மாதிரி எல்லாரும் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாத்துங்க.

2. யூனிகோடுக்கு மாத்தினாலும் மூலத்தை அழிக்காதீங்க. கொம்பு முன்னாடியா பின்னாடியான்னு இடம் மாத்தறப்போ மாற்றிகள் அங்கங்க சொதப்பும். மூலம் இருந்தாத் திருத்தலாம்.

3. எந்தக் குறியாக்கம்னு பக்கத்துலயே ஒரு சின்ன உரைக்கோப்புல எழுதி வைங்க. திஸ்கியா, டாபா, வேற எழுத்துருவான்னு ஒரே வரி போதும். தொப்பி எழுத்தா வந்தா பெரும்பாலும் மீட்டுடலாம். வழியில எட்டாவது பிட்டை வெட்டிட்டாலோ, எல்லாம் கேள்விக்குறியா மாறிட்டாலோ மீட்க முடியாது. அதுவும் முன்னாடியே தெரிஞ்சா நல்லது.

4. ரெண்டு மூணு கப்பல்ல அனுப்புங்க. ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு மேகம், ஒரு நண்பர் வீடு.

5. அடுத்தவங்க எழுதின தனிக் கடிதத்தைப் பொதுவில போடறதுக்கு முன்னாடி கேளுங்க. இக்னேஷியஸ் சொன்ன தனித் தாள் விதி இன்னும் செல்லுபடிதான்.

நாளைக்கு யாராவது 1990-களின் இணையத் தமிழைப் பத்தி வரலாறு எழுத உக்காரலாம். ஆதாரம் கிடைக்கலைன்னா அவரும் எங்கேயோ பார்த்த ஒரு வருஷத்தைக் காப்பி பண்ணுவார், அதை நூறு பேர் காப்பி பண்ணுவாங்க. நம்ம ஆளுங்க பொறக்கறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வலைப்பதிவு தொடங்கிட்டாங்கன்னு கூட எழுதிடுவாங்க.

உங்ககிட்ட பழைய தமிழ் மெயில் இருக்கா? எந்த வருஷம், எந்த எழுத்துரு? பின்னூட்டத்துல சொல்லுங்க. திறக்க முடியலைன்னா அதையும் சொல்லுங்க, சேர்ந்து பார்க்கலாம். சனி, ஞாயிறு எனக்கு ஆணி கம்மி.

டிஸ்கி (திஸ்கி அல்ல): ஆவூர்க்காரர்கள் யாராவது இதைப் படிச்சா, ஊர்ப் பக்கத்துல அந்த 1547-ஐ மாத்தச் சொல்லி ஒரு மெயில் போடுங்கப்பா. யூடிஎஃப்-8-லயே போடுங்க.